டியூட்டி கட்டி எடுப்பதா, பாண்டில் போடுவதா, ஃப்ரீ ஸோனா? சென்னை இறக்குமதியாளருக்கு ஒரு கணக்கு

"ஃப்ரீ ஸோன்ல சரக்கை இறக்கினா டியூட்டியே கிடையாதாமே, சார்?"

இறக்குமதிக்குப் புதிதாக வருகிறவர்கள், சுங்க வேலையை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டிடம் கேட்கும் முதல் கேள்விகளில் இது ஒன்று. கேட்பதில் தப்பில்லை. பாதிச் செய்திதான் அவர்கள் காதுக்கு வந்திருக்கிறது. சரக்கு அந்த ஸோனின் வேலிக்குள் இருக்கும் வரை டியூட்டி கிடையாது என்பது உண்மை. வேலியைத் தாண்டி இந்தியச் சந்தைக்குள் வரும் நாளில் அடிப்படைச் சுங்கவரி, சோஷியல் வெல்ஃபேர் சர்சார்ஜ், ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) எல்லாம் ஒரு பைசா குறையாமல் வந்து நிற்கும். அடிமாட்டு விலை இறக்குமதியைத் தடுக்கும் ஆன்டி-டம்பிங் டியூட்டி இருந்தால் அதுவும் சேரும். ஃப்ரீ ஸோன்களுக்கும் பொருந்தும் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின் 30ஆம் பிரிவு இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறது. வரியைத் தள்ளுபடி செய்ய அங்கே வழி கிடையாது, தள்ளிப்போடத்தான் வழி.

வரியைத் தள்ளிப்போட ஃப்ரீ ஸோன் மட்டும்தான் வழி என்றும் இல்லை. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் கன்டெய்னர் இறக்கும் ஒரு வியாபாரிக்கு முன்னால் நடைமுறையில் நான்கு பாதைகள் இருக்கின்றன. வந்த உடனே வரியைக் கட்டிச் சரக்கை எடுத்துக்கொண்டு போகலாம். சுங்கத்தின் பாண்டட் கிடங்கில் (வரி நிலுவையில் சரக்கு வைக்கும் இடம்) போட்டு, வேண்டும்போது வேண்டிய அளவு எடுக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூரிலோ, பொன்னேரி பக்கம் நந்தியம்பாக்கத்திலோ உள்ள தடையற்ற வணிகக் கிடங்கு மண்டலத்தில், அதாவது ஃப்ரீ ஸோனில், வைக்கலாம். அல்லது சரக்கை இந்தியாவுக்கே கொண்டுவராமல் துபாய் ஜபல் அலி போன்ற இடத்தில் இருப்பு வைத்து அங்கிருந்து எடுக்கலாம். எது மலிவு என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. சரக்கு கடைசியில் எங்கே போகிறது, எத்தனை நாளில் போகிறது, அதுவரை யாருடைய சொத்தாக இருக்கிறது என்ற மூன்றையும் சொன்னால்தான் பதில் வரும்.

முதலில் பணக் கணக்கு

1 கோடி ரூபாய் சிஐஎஃப் மதிப்புள்ள (விலை, காப்பீடு, கப்பல் வாடகை சேர்ந்தது) ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம் என்றால் 10 லட்சம். அதன்மேல் 10 சதவீத சர்சார்ஜ் 1 லட்சம். ஆக 1.11 கோடி. இதன்மேல் 18 சதவீத ஐஜிஎஸ்டி 19.98 லட்சம். மொத்தம் கட்ட வேண்டியது 30.98 லட்சம்.

இந்த 30.98 லட்சத்தை ஒரே தொகையாகப் பார்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இதில் 11 லட்சம்தான் நிஜமான செலவு. அது சரக்கின் அடக்கத்தில் ஏறும். மீதி 19.98 லட்சம் ஐஜிஎஸ்டி, உள்ளீட்டு வரி கிரெடிட்டாகத் திரும்பி வரும். உங்களுக்கு மாதாமாதம் நல்ல விற்பனை ஓடி, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலில் கட்ட வேண்டிய வரி நிறைய இருந்தால், இந்தக் கிரெடிட் அடுத்த மாதமே கரைந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு ஐஜிஎஸ்டியைத் தள்ளிப்போடுவதால் கிடைக்கும் லாபம் சொற்பம். அவருக்கு உண்மையில் முடங்குவது 11 லட்சம்தான். வங்கிக் கடன் வட்டி 12 சதவீதம் என்று வைத்தால் மாதத்துக்கு 11,000 ரூபாய். புதிதாகத் தொழில் தொடங்கியவர், அல்லது பருவத்துக்குப் பருவம் விற்பவர் கதை வேறு. அவருக்கு 30.98 லட்சமும் முடங்கும். மாத வட்டி ஏறக்குறைய 31,000.

ஒரே கன்டெய்னர், ஒரே வரி விகிதம். ஆனால் ஒருவருக்குத் தள்ளிப்போடுவதன் மதிப்பு மாதம் 11,000, இன்னொருவருக்கு 31,000. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிடங்கு வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பிக்க வேண்டும். கிடங்குக்காரர்கள் தரும் விளம்பரத் தாளில் எப்போதும் பெரிய எண்தான் இருக்கும்.

கட்டி எடுப்பது

பழைய வழி, பலருக்கு இன்றும் சரியான வழி. கப்பல் வருவதற்கு முன்பே ஹோம் கன்சம்ப்ஷன் பில் ஆஃப் என்ட்ரி (உள்நாட்டுப் பயன்பாட்டுக்கான இறக்குமதிப் படிவம்) போட்டு, வரியைக் கட்டி, சரக்கைச் சொந்தக் கிடங்குக்கு ஏற்றிவிடுவது. நம்பகமான வியாபாரிகளுக்கான சுங்கத் துறையின் ஏஇஓ திட்டத்தில் மேல்படிகளில் இருப்பவர்களுக்கு, சரக்கை முதலில் எடுத்துவிட்டு வரியைச் சில நாள் கழித்துக் கட்டும் சலுகையும் உண்டு. கன்டெய்னர் வந்து ஒரு மாதத்துக்குள் சரக்கு கடைகளுக்குப் போய்விடும் என்றால் இதற்குமேல் யோசிக்க வேண்டாம்.

யோசிக்க வேண்டியது தாமதத்தைத்தான். சரக்கு வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் போட்டிருக்க வேண்டும். தவறினால் முதல் 3 நாள் நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். துறைமுகத்திலோ, கன்டெய்னரைப் பிரிக்கும் சிஎஃப்எஸ்-இலோ சரக்கு கிடப்பதற்கான டெமரேஜ் தனி; கன்டெய்னரைத் திருப்பித் தராமல் வைத்திருப்பதற்குக் கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன் தனி. வரி கட்டப் பணம் புரளவில்லை என்று சரக்கைச் சிஎஃப்எஸ்-இலேயே கிடத்தி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட விலை உயர்ந்த கிடங்கு இந்த ஊரில் கிடையாது.

கட்டிய பிறகு சரக்கை வேறு நாட்டுக்கு அனுப்ப நேர்ந்தால்? சுங்கச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, பயன்படுத்தாத சரக்கை 2 ஆண்டுக்குள் திருப்பி ஏற்றுமதி செய்தால் கட்டிய வரியில் 98 சதவீதம் டிராபேக்காகத் திரும்பக் கிடைக்கும். ஐஜிஎஸ்டிக்குக் கிரெடிட் எடுத்திருந்தால் அது தனிக் கணக்கு. விதி நல்ல விதிதான். ஆனால் வந்த சரக்கும் போகும் சரக்கும் ஒன்றே என்று அதிகாரிக்கு நிரூபிக்க வேண்டும். சீரியல் எண் உள்ள இயந்திரத்துக்கு அது எளிது. பெட்டி பெட்டியாகப் பிரித்துவிட்ட சின்னச் சாமான்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். மறு ஏற்றுமதி எப்போதோ ஒரு தடவை வரும் என்றால் 74 போதும். அதுவே வழக்கம் என்றால் வேறு பாதையைப் பார்ப்பது நல்லது.

பாண்ட் கிடங்கு: 90 நாளைக்கு நல்லது

இன்டு-பாண்ட் பில் போட்டு, வரி கட்டாமல் சரக்கைச் சுங்க உரிமம் பெற்ற கிடங்குக்குக் கொண்டுபோவது. அரசு நிறுவனமோ தனியாரோ பலருக்காக நடத்தும் பொதுக் கிடங்கு சுங்கச் சட்டம் 57ஆம் பிரிவில் வரும். உங்கள் சரக்குக்கு மட்டும் நீங்களே உரிமம் வாங்கி நடத்துவது 58ஆம் பிரிவு. 2016க்கு முன் கிடங்குப் பூட்டின் ஒரு சாவி சுங்க அதிகாரியிடம் இருக்கும். அவர் வராமல் கதவு திறக்காது. அந்த ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பின் பெரும்பாலான கிடங்குகளில் பதிவேடுதான் காவல். பாண்ட் என்றாலே ஆபீசர் பின்னால் அலைய வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வது அந்தக் காலத்து நினைவு.

வரியைப் போல மூன்று மடங்கு தொகைக்குப் பாண்ட் (சுங்கத்துக்குத் தரும் உறுதிப்பத்திரம்) எழுதித் தர வேண்டும். நம் கணக்கில் வரி 30.98 லட்சம் என்றால் பாண்ட் 92.94 லட்சத்துக்கு. இது கையிலிருந்து கொடுக்கும் பணமில்லை, ஒப்பந்தம். ஆனாலும் கையெழுத்துப் போடும்போது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும் என்பது உண்மை.

சாதாரணமாக ஓராண்டு வரை வைக்கலாம். கமிஷனர் அனுமதித்தால் ஒவ்வோர் ஆண்டாக நீட்டிக்கலாம். ஆனால் விற்பனையாளருக்கு முக்கியமான எண் 365 கிடையாது, 90. முதல் 90 நாள் வரிக்கு வட்டி இல்லை. அதைத் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும், சரக்கை வெளியே எடுக்கும்போது கட்டும் வரியின்மேல் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. இந்த வட்டிக்குக் கிரெடிட் கிடையாது.

கணக்கில் வைத்துப் பாருங்கள். 30.98 லட்சத்தை முதல் 90 நாள் கட்டாமல் வைத்ததால் 12 சதவீத வங்கி வட்டியில் மிச்சம் சுமார் 91,700 ரூபாய். அதற்கடுத்த 90 நாளும் சரக்கு அப்படியே கிடந்தால் சுங்கத்துக்குக் கட்ட வேண்டிய வட்டி சுமார் 1,14,600. அதே தொகையை வங்கியில் கடன் வாங்கிக் கட்டியிருந்தால் அந்த இரண்டாவது 90 நாளுக்கு வட்டி 91,700தான் ஆகியிருக்கும். ஆக 90ஆம் நாளுக்குப் பிறகு, 15 சதவீதத்துக்குக் குறைவாக யாருக்கு வங்கிக் கடன் கிடைக்கிறதோ அவருக்குப் பாண்ட் என்பது விலை கூடிய கடன். சுங்கத் துறை ஒரு வட்டிக் கடையாக மாறிவிடுகிறது. விவரம் தெரிந்த ஏஜென்ட் 80ஆம் நாளிலேயே போன் போட்டு, "மீதியை எடுத்துடலாமா?" என்று கேட்டுவிடுவார்.

சரக்கு ஒரேயடியாக வெளியே வருவதும் இல்லை. இன்று 40 பெட்டி, அடுத்த வாரம் 100 பெட்டி என்று எக்ஸ்-பாண்ட் பில் போட்டு எடுப்பார்கள். எடுத்த அளவுக்கு மட்டும் வரி. மூன்று மாதத்தில் சீராகச் சரக்கு தீர்ந்தால், சராசரியாக ஒன்றரை மாத வட்டிதான் மிச்சம்: பெரிய எண்ணை வைத்துக்கொண்டாலும் 46,500 ரூபாய் அளவு. இதிலிருந்து கிடங்கு வாடகை, காப்பீடு, துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு வண்டி, ஒவ்வொரு எக்ஸ்-பாண்டுக்கும் ஏஜென்ட் கூலி எல்லாவற்றையும் கழியுங்கள். சொந்தக் கிடங்கு காலியாகக் கிடக்கும்போது பாண்டில் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கழித்தலைச் செய்து பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

பாண்டில் இன்னொரு சூதாட்டமும் இருக்கிறது. வரி விகிதம் எந்த நாளைய விகிதம்? எக்ஸ்-பாண்ட் பில் போடும் நாளுடையது. டாலர் மாற்று விகிதம்? அது இன்டு-பாண்ட் பில் போட்ட நாளுடையது. இந்த இரண்டும் வெவ்வேறு நாள் என்பது பலருக்குப் புதுச் செய்தி. ரூபாய் சரிந்துகொண்டே போகும் காலத்தில் பாண்டில் சரக்கு வைத்திருப்பவருக்கு மதிப்பு பழைய விகிதத்திலேயே நிற்கிறது, அது லாபம். வரி விகிதம் மட்டும் அரசாங்கத்தின் கையில். 2024 செப்டம்பர் 13 வரை கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய்க்கு அடிப்படைச் சுங்கவரி சுழியம். மறுநாளிலிருந்து 20 சதவீதம். மற்ற வரிகளையும் சேர்த்து நிகரச் சுமை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாகத் தாவியது. பாண்ட் டேங்கில் எண்ணெயை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் எடுக்கலாம் என்றிருந்தவர் புது விகிதத்தில்தான் எடுக்க முடிந்தது. மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் மொத்தச் சுங்கவரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. அன்று வரி கட்டாமல் காத்திருந்தவர் சிரித்தார். சமையல் எண்ணெய், பருப்பு, தங்கம் மாதிரி அரசு அடிக்கடி கை வைக்கும் சரக்கில் பாண்ட் என்பது கிடங்கு மட்டும் அல்ல, பட்ஜெட்டின் மேல் கட்டும் பந்தயமும்கூட. பேரிங், வால்வு விற்பவருக்கு இந்தத் தலைவலி குறைவு.

பாண்டுக்குள்ளேயே சரக்கைக் கைமாற்றி விற்கலாம். இந்தியச் சந்தைக்குள் எடுக்கும் முன் நடக்கும் அந்த விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் வாங்கியவர் வெளியே எடுக்கும்போது, அடிப்படைச் சுங்கவரி பழைய இறக்குமதி மதிப்பின்மேல், ஐஜிஎஸ்டி மட்டும் கடைசி விற்பனை விலையின்மேல், அது கூடுதலாக இருந்தால். நம் 1 கோடிச் சரக்கை 1.20 கோடிக்குப் பாண்டில் விற்றால், ஐஜிஎஸ்டி 1.11 கோடிக்குப் பதில் 1.20 கோடிக்குக் கணக்கிடப்படும். பெரிய இறக்குமதியாளரிடம் சிறு வியாபாரிகள் இப்படிப் பாண்டில் வாங்குவது நல்ல ஏற்பாடு. வரியை அவரவர் கட்டிக்கொள்ளலாம்.

சரக்கின்மேல் என்ன வேலை செய்யலாம் என்பதில் பாண்ட் கொஞ்சம் இறுக்கம். பார்வையிடலாம், தரம் பிரிக்கலாம், சேதமாகாமல் பெட்டியைச் சரிசெய்யலாம், வாங்க வருகிறவருக்குக் காட்டலாம் என்று 64ஆம் பிரிவு சொல்கிறது. உற்பத்தியே செய்ய வேண்டும் என்றால் 65ஆம் பிரிவில், 2019 விதிமுறைகளின்படி தனி அனுமதி. அங்கே 90 நாள் வட்டிப் பிரச்சினையும் இல்லை. ஆனால் அது தொழிற்சாலைக்காரர்களின் உலகம். வாங்கி விற்பவருக்கு ஒத்துவராது.

மண்ணூரும் நந்தியம்பாக்கமும்

ஃப்ரீ டிரேட் அண்ட் வேர்ஹவுசிங் ஸோன் என்ற ஏற்பாடு 2004இல் வந்த வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் அறிவிக்கப்பட்டு, 2005 சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்துக்குள் அடங்கியது. சட்டத்தின் கண்ணில் அந்த வேலிக்குள் இருப்பது, அனுமதி பெற்ற வேலைகளைப் பொறுத்தவரை, இந்தியச் சுங்க எல்லைக்கு வெளியே இருக்கும் நிலம். பாண்ட் கிடங்கு இந்தியாவுக்குள், வரி மட்டும் நிலுவையில். பேச்சுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். நடைமுறையில் இதிலிருந்துதான் எல்லா வேறுபாடும் கிளைக்கிறது.

முதல் வேறுபாடு, 90 நாள் கடிகாரம் இங்கே ஓடாது. சரக்கு 200 நாள் கிடந்தாலும் வெளியே எடுக்கும்போது கட்டுவது அன்றைய விகிதப்படி வரி மட்டும், வட்டி இல்லை. இரண்டாவது, டாலர் விகிதமும் இந்தியாவுக்குள் எடுக்கப் பில் போடும் நாளுடையதுதான். பாண்டில் கிடைக்கும் அந்தப் பழைய விகித லாபம் இங்கே கிடையாது.

மூன்றாவதுதான் பெரியது. இங்கே சரக்கு வெளிநாட்டு சப்ளையருடைய சொத்தாகவே இருக்கலாம். ஒரு ஜெர்மன் உதிரிபாக நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இந்தியாவில் கம்பெனி இல்லை, இறக்குமதி-ஏற்றுமதிக்கு வேண்டிய ஐஇசி எண் இல்லை. மண்ணூரில் கிடங்கு யூனிட் வைத்திருப்பவரிடம் ஒப்பந்தம் போட்டு, ஒரு கன்டெய்னர் உதிரிபாகத்தைத் தன் பெயரிலேயே இறக்கிவைக்கிறது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு அவசரமாக 40 பேரிங் வேண்டும். சப்ளையர் மின்னஞ்சலில் உத்தரவு தருகிறார். தொழிற்சாலை அந்த 40க்கு மட்டும் பில் ஆஃப் என்ட்ரி போட்டு வரி கட்டுகிறது. தாள்கள் தயாராக இருந்தால் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வாரக்கணக்கில் வர வேண்டியது மறுநாளே வண்டியில் வந்துவிடுகிறது. அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஒருவர் 100 கேட்டால் மண்ணூரிலிருந்தே ஏற்றுமதி. இந்திய வரி எதுவும் கிடையாது, டிராபேக் அலைச்சலும் கிடையாது. பாண்டில் இதைச் செய்ய முதலில் ஓர் இந்திய இறக்குமதியாளர் பில் போட்டு, பாண்ட் எழுதி, சரக்கைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால் சப்ளையரோடு பேரம் பேசும் வியாபாரிக்கு ஃப்ரீ ஸோன் ஒரு நல்ல சீட்டு. "நீங்களே இங்க ஸ்டாக் வைங்க, நான் எடுக்கிறப்போ பணம் தரேன்" என்று சொல்ல முடிகிறது. வரியைத் தள்ளிப்போடுவதைவிடப் பெரிய லாபம், சரக்கின் விலையையே தள்ளிப்போடுவது. 30.98 லட்சத்துக்கு வட்டி மிச்சம் பிடிப்பதா, 1 கோடிக்கு மிச்சம் பிடிப்பதா? சப்ளையர் ஒப்புக்கொண்டால் மற்ற எந்தக் கணக்கும் இதற்குப் பக்கத்தில் வராது. ஒப்புக்கொள்ளாமல் முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொள்கிறார் என்றால் மண்டலத்தின் கவர்ச்சி பாதியாகக் குறைந்துவிடும். இங்கே சரக்கு வைப்பதால் அந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு இந்திய வருமான வரிப் பொறுப்பு வருமா என்பது அவர்களுடைய ஆடிட்டர் பார்க்க வேண்டிய விஷயம். பெரிய நிறுவனங்கள் தயங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

வேலைகளிலும் தாராளம். லேபிள் ஒட்டலாம், பெட்டி மாற்றலாம், பிரித்துக் கட்டலாம், குளிர்பதனத்தில் வைக்கலாம், பாகங்களாக வந்த கிட்டைப் பூட்டவும் செய்யலாம். உற்பத்தி கூடாது. எம்ஆர்பி, இறக்குமதியாளர் முகவரி எல்லாம் ஒட்டினால்தான் உள்ளே வரும் என்ற வகைச் சரக்குக்கு, அதை ஒட்டும் வேலையைச் சாவகாசமாக முடித்துவிட்டு வெளியே எடுக்கலாம்.

இதை வைத்துச் சிலர் ஒரு படி அதிகமாகக் கனவு காண்கிறார்கள்: இந்தியத் தரச் சான்றான பிஐஎஸ் முத்திரை இல்லாத சரக்கை ஃப்ரீ ஸோன் வழியாக உள்ளே தள்ளிவிடலாம் என்று. முடியாது. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் கட்டாயம். துறைமுகத்தில் தடுக்கும் அதே விதி மண்டலத்தின் கதவிலும் தடுக்கும். வேறு நாட்டுக்கு விற்கலாம் என்பது மட்டும்தான் அங்கே மிச்சமுள்ள ஆறுதல்.

இடைஞ்சல்களையும் சொல்ல வேண்டும். மண்டல யூனிட்டின் பரிவர்த்தனைகள் மாற்றத்தக்க அந்நியச் செலாவணியில்தான் நடக்க வேண்டும் என்பது விதி. நீங்களே யூனிட் வைத்து, சவுகார்பேட்டை கடைக்காரருக்கு ரூபாயில் பில் போட்டு விற்கலாம் என்று நினைத்தால் நடக்காது. அவருக்கு ஐஇசி இருக்க வேண்டும், அவர் பெயரில் பில் ஆஃப் என்ட்ரி போட வேண்டும், டாலரில் பணம் அனுப்ப வேண்டும். சொந்த யூனிட் என்றால் தாம்பரம் மெப்ஸ் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உள்ள டெவலப்மென்ட் கமிஷனரிடம் ஒப்புதல் கடிதம், 5 ஆண்டுக் கணக்கில் நிகர அந்நியச் செலாவணி ஈட்டல் நேர்மறையாக இருக்க வேண்டிய கட்டாயம், ஆண்டறிக்கை எல்லாம் உண்டு. நடுத்தர வியாபாரி செய்யக்கூடியது ஏற்கெனவே அங்கே யூனிட் நடத்துபவரின் வாடிக்கையாளராகச் சேர்வது. அந்தப் பொறுப்புகள் அவருடையவை. அதற்கான விலையை அவர் உங்கள் பில்லில் சேர்த்திருப்பார்.

மண்டலத்துக்குள் கைமாறும் விற்பனைக்கு ஜிஎஸ்டி உண்டா என்ற குழப்பம் பல ஆண்டு இருந்தது. பாண்ட் கிடங்குக்கு விதி தெளிவாக இருந்ததால், மண்டலத்தைவிடப் பாண்டே மேல் என்று ஆலோசகர்கள் சொல்லி வந்தார்கள். 2025 நிதிச் சட்டம் அதை முடித்துவைத்தது: வெளியே எடுக்கும் முன் மண்டலக் கிடங்கில் நடக்கும் விற்பனையும் ஜிஎஸ்டி வரம்புக்குள் வராது, 2017 ஜூலை 1 முதலே. அதற்கு முன் எழுதிய ஆலோசனையை இன்னும் கையில் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

துபாயில் வைத்தால்?

ஜபல் அலி ஃப்ரீ ஸோன் 1985இல் தொடங்கியது. அங்கே இறக்கி வைக்கும் சரக்குக்கு அமீரகச் சுங்கவரி கிடையாது; அமீரகச் சந்தைக்குள் போனால் பெரும்பாலானவற்றுக்கு 5 சதவீதம். ஆப்பிரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் சில்லறை சில்லறையாக அனுப்புகிற வியாபாரிக்கு அதைவிட வசதியான இடம் இந்தப் பக்கம் இல்லை. கப்பல் தொடர்பு, வங்கி, ஆள் பழக்கம் எல்லாம் ஒரே இடத்தில். கீழக்கரை, காயல்பட்டினத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் சரக்கு கடைசியில் சென்னைக்குத்தான் வரப்போகிறது என்றால்? சீனாவிலிருந்து கிளம்பிய கன்டெய்னர் இந்தியாவைத் தாண்டி மேற்கே போய், மறுபடி கிழக்கே வர வேண்டும். இரண்டு கப்பல் வாடகை. இந்தியச் சுங்கம் வரி போடுவது துபாயிலிருந்து வரும் பில் விலையின்மேல். அங்கே சேர்ந்த லாபம், கிடங்குச் செலவு, இரண்டாவது வாடகை எல்லாம் அந்த மதிப்புக்குள் ஏறிவிடும். வரி மிச்சமாவதற்குப் பதில் கூடுகிறது.

இன்னும் மோசமான பொறி ஒன்று உண்டு. இந்தியா–அமீரகம் வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதனால் துபாயிலிருந்து வருவதற்கு வரிச் சலுகை உண்டு என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அமீரகத்தில் உருவான பொருளுக்குத்தான் சலுகை. ஜபல் அலியில் கிடந்து, பெட்டி மாறி வந்த சீனப் பொருள் சீனப் பொருள்தான். வியட்நாம், தாய்லாந்து சரக்கு விஷயத்தில் இழப்பு இரட்டை: நேரே வந்திருந்தால் ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகள்) ஒப்பந்தச் சலுகை கிடைத்திருக்கும், துபாயில் இறக்கி, இருப்பில் வைத்து, அங்கிருந்து விற்றால் அந்தச் சலுகையும் போய்விடும். சிங்கப்பூரில் வைத்தால் நிலைமை மாறும். அதுவும் ஆசியான் நாடு என்பதால், சரக்கு உருவான நாட்டைச் சொல்லும் மூலச் சான்றிதழை அடிப்படையாக வைத்து இடைநாடு மறுசான்றிதழ் தர ஒப்பந்தத்தில் இடமிருக்கிறது. மலேசிய, வியட்நாம் சரக்கைச் சேர்த்துப் பிரித்து அனுப்புகிறவர்கள் சிங்கப்பூரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம். 2020 முதல் இறக்குமதியாளரே மூல விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று விதி இறுகிவிட்டதால், சான்றிதழ் ஒன்றை மட்டும் நீட்டித் தப்பிக்க முடியாது.

என் பக்கத்துத் தீர்ப்பு

எல்லாம் இந்தியாவிலேயே விற்கிறது, ஒரு மாதத்தில் தீர்கிறது, ஜிஎஸ்டியில் கட்ட வேண்டியது நிறைய இருக்கிறது: கட்டி எடுங்கள். ஃப்ரீ ஸோன் விற்பனைப் பிரதிநிதி கொண்டுவரும் வண்ணத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு காபி கொடுத்து அனுப்புங்கள்.

இந்தியாவில்தான் விற்கிறது, ஆனால் இரண்டு மூன்று மாதம் ஆகும், கையில் பணம் இறுக்கம்: பாண்ட். 90க்குள் முடித்துவிட வேண்டும் என்பதைச் சரக்கு ஆர்டர் போடும்போதே மனதில் வைத்து அளவைத் தீர்மானியுங்கள். ரூபாய் சரியும் என்று தோன்றினால் பாண்டுக்கு இன்னொரு மதிப்பெண்; பட்ஜெட்டில் அடிபடும் சரக்கு என்றால் ஒரு மதிப்பெண் குறைப்பேன்.

எத்தனை மாதத்தில் போகும் என்றே தெரியாத உதிரிபாகம், மெதுவாக நகரும் இயந்திரச் சாமான், ஒரு பகுதி இலங்கைக்கோ வங்கதேசத்துக்கோ போகக்கூடிய சரக்கு, சப்ளையர் தன் பெயரில் இருப்பு வைக்கச் சம்மதிக்கும் ஏற்பாடு: இவற்றுக்குத்தான் மண்டலம். இவற்றில் ஒன்றுகூட உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால், வேலிக்குள் கொடுக்கும் வாடகை வெறும் பெருமைக்குக் கொடுப்பது. துபாய், வாங்குபவர் இந்தியாவுக்கு வெளியே இருப்பவருக்கு.

ஒரே பாதையில் எல்லாச் சரக்கையும் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. வேகமாக ஓடும் பத்து ரகத்தைக் கட்டி எடுத்து, மெதுவாக நகரும் மீதியை மண்டலத்தில் விட்டுவைக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். கணக்குப் புத்தகம் எழுதுகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும், கல்லாவுக்கு நல்லது.

பாண்டோ மண்டலமோ, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். மாதத்துக்குக் குறைந்தபட்ச பில் உண்டா? சரக்கு எடுக்காத மாதத்துக்கும் அது விழுமா? காப்பீடு சரக்கின் மதிப்புக்கு மட்டுமா, கட்ட வேண்டிய வரியையும் சேர்த்தா? வெள்ளிக்கிழமை மாலை பில் போட்டால் வண்டி எப்போது வெளியே வரும்? கணக்கில் பெட்டி குறைந்தால் யார் பொறுப்பு? சுங்கச் சட்டம் 73ஏ பிரிவு பாண்ட் கிடங்கின் உரிமக்காரரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் மூன்று மடங்கு பாண்டில் இருப்பது உங்கள் கையெழுத்து. மாதாமாதம் இருப்புப் பட்டியலை எழுத்தில் வாங்கி, உங்கள் பதிவேட்டோடு பெட்டி எண் வரை ஒத்துப் பார்க்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.